லண்டன் நம்பர்

ஸ்வெட்டர் நல்ல மெல்லிய கம்பளி. வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குக்கூடப் போடலாம். என் மகள் ஆரணி லண்டனிலிருந்து தன் அப்பாவுக்கென்று அனுப்பியிருந்தாள். கொண்டுவந்தவர் அவளோடு வேலை செய்யும் அபிஷன். கூடத்தில் என் கணவரின் படத்துக்கு மாலை போட்டிருப்பதைக் கண்டதும் பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார்.

"அன்ரி, போன கிழமையும் அங்கிள் நித்திரை எண்டு சொன்னனீங்களாம். ஆரணிக்கு ஒண்டும் தெரியாதே?"

"இருங்கோ தம்பி, தேத்தண்ணி ஆறுது," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இன்டர்நெட் வழியாக வேலை செய்யும் போன் ஒன்று இருந்தது. நம்பர் லண்டன் நம்பர். ஆரணி அங்கே அழுத்துவாள், மணி இங்கே எங்கள் கூடத்தில் அடிக்கும். கணக்கு இவர் பெயரில்.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின் இவருக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: ஓம். அந்த ஓமுக்கு ஆரணி ஒரு மணித்தியாலம் கதைப்பாள். பனி கொட்டியது, பஸ்ஸைத் தவறவிட்டது, அகதி வழக்கு முடியாமல் இங்கே வரமுடியாதது, எல்லாம். நான் எடுத்தால், "அம்மா, அப்பாட்டக் குடுங்கோ." அவ்வளவுதான். இவருக்குச் சோறு ஊட்டுவதும் துடைப்பதும் நான்.

வயரைக் கழற்றிவிட்டிருக்கலாம். ஆனால் பிள்ளை பதறிவிடும். நான் அப்படிப்பட்டவள் இல்லை. காலி வீதியில் போன் கடை வைத்திருக்கும் ஷாமிலிடம் போனேன். நம்பரை அந்தக் கம்பனியிலிருந்து எடுத்து வேறொரு கம்பனிக்கு மாற்றினால் அழைப்பு என் பட்டன் போனுக்கே விழும் என்றார்.

"பழைய கணக்க இப்ப வெட்டிராதீங்க ஆன்ட்டி. மாறி முடியிறதுக்குள்ள வெட்டினா நம்பரே போயிரும்."

கணக்குக்காரரின் சம்மதத்தைக் குரலில் பதிவு செய்வார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

லண்டனிலிருந்து புதுக் கம்பனிப் பெண் ஒருத்தி எடுத்தாள். மிஸ்டர் இரத்தினசிங்கத்துக்கு இப்போது இங்கிலீஷ் விளங்காது, நான் தமிழில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நம்பரை மாற்றச் சம்மதமா என்று கேட்கச் சொன்னாள். நான் இவர் காதருகே குனிந்தேன்.

"ஆரணிக்கு விசா கிடைச்சிட்டுதாம். உங்களைப் பாக்க வரட்டோ?"

"ஓம்," என்றார். கண் நிறைந்து வழிந்தது. கேளாமலே இன்னொரு ஓமும் சொன்னார். ஓம் என்றால் யெஸ் என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அது பொய்யில்லை.

அதற்குப் பிறகு மணி என் கையில் அடித்தது. சமையலறைக்குள் போய்க் கதைத்தேன். அப்பா நித்திரை. அப்பா குளிக்கிறார். இவர் கூடத்தில் போனுக்கு முன்னால் இருப்பார். சத்தமில்லாத ரிசீவரைத் தூக்கி ஓம் என்பார், கேட்டுக்கொண்டிருப்பார், திரும்ப ஓம் என்பார். நான் தடுக்கவில்லை. போனைத் தூசி தட்டிக்கூட வைத்தேன். பிறகு சாப்பாட்டுக்கு வாய் திறக்காமல் விட்டார். ஒரு மத்தியானம் ரிசீவர் மடியில் கிடந்தது. பக்கத்து பிளாட் சிங்களக் குடும்பம்தான் செத்தவீட்டு வேலையெல்லாம் பார்த்தது.

"ஏன் அன்ரி ஆரணிக்குச் சொல்லேல்ல?" என்றார் அபிஷன்.

"தனிய இருக்கிற பிள்ளை. எப்பிடித் தாங்கும்?"

அந்த நேரம் என் போன் அடித்தது. அபிஷன் கையை நீட்டினார்.

"குடுங்கோ அன்ரி."

எல்லோரும் என்னிடம் கேட்பது இதைத்தான். பட்டனை அழுத்தி அவரிடமே நீட்டினேன். ஆரணியின் குரல் வெளியே கேட்டது.

"அம்மா, ஸ்வெட்டர் வந்துதோ? அப்பாக்கு அளவோ?"

அபிஷன் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். நீட்டிய கை தானாக இறங்கியது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"அளவு பிள்ளை. போட்டுக்கொண்டுதான் நித்திரை."

முன்னைப்போல அவள் இப்போது ஒரு சொல்லோடு என்னை விட்டுவிடுவதில்லை. அப்பா எழும்பும்வரை என்னோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள்.