மணியோசை அடங்கும் வரை

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர் கார்ட்டர் அவர்களே, மூடுபனியில் நடந்து வந்து இந்தக் கொட்டகையை நிறைத்திருக்கும் ஃபெர்ன் க்ரீக் கூட்டுப் பண்ணைத் தோழர்களே, வணக்கம்.

நம் ரோவீனா மறைந்துவிட்டார். நாவலாசிரியர் ரோவீனா! பொதுச் சமையலறையில் நம் எல்லோருக்கும் ரொட்டி சுட்டுக்கொண்டே ‘மூடுபனிச் சபை’யை எழுதிய ரோவீனா!

அந்த நாவலை நினைத்தால் இப்போதும் என் கண்கள் பாதி மூடிக்கொள்கின்றன. வானளாவிய ரெட்வுட் மரங்களுக்கிடையே ஓர் ஊர். போலீஸ் இல்லை, தலைவர் இல்லை. நீண்ட கூந்தலும் வெறுங்காலுமாக நம்மைப் போலச் சிலர். எதை முடிவு செய்வதானாலும் மணியை ஒருமுறை அடிப்பார்கள். ஓசை அடங்குவதற்குள் ஒரே ஒருவர் மறுத்தாலும் திட்டம் நின்றுவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் மணியடிப்பவன் ஒருநாள், ஓசை தேயும் முன்பே மணியின் விளிம்பில் விரலை வைக்கிறான். மிக மென்மையாக. யாரும் கவனிப்பதில்லை. அடுத்த முறை இன்னும் சீக்கிரம். கடைசி அத்தியாயத்தில் மணி ஒலிப்பதே இல்லை. ஊர் கனவிலேயே தலையாட்டிக்கொண்டிருக்கிறது.

ஜனநாயகம் சாகத் துப்பாக்கியா வேண்டும், தோழர்களே? ஒரு விரல் போதாதா?

அது எந்த மணி என்று நமக்குத் தெரியாதா? இதோ, நம் சபையின் மணி, மேடையில் தொங்குகிறது. புத்தகம் வெளிவந்த வாரம் ரோவீனா ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தார். சிறுமியாக இருந்த நான் பக்கத்தில் தோல்களைத் தின்றுகொண்டிருந்தேன். அன்றும் நம் மணியை அடித்துவந்த கார்ட்டர் உள்ளே வந்தார்.

“ஏன் ரோவீனா, அந்த அயோக்கியனுக்கு என் மீசையவே ஒட்டிட்டியே?”

“மீசை யாருக்கு வேணா முளைக்கும் கார்ட்டர். அந்த விரல்தான் உன்னோடது.”

கார்ட்டரே சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த சபையில், அந்தப் புத்தகம் நம் நூலகத்துக்கு வேண்டாம் என்று முடிவானது. மணி எவ்வளவு நேரம் ஒலித்தது என்று இங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா?

ரோவீனா கோபித்துக்கொண்டு பண்ணையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு சபையிலும், சூப் குடித்த கிறக்கத்தில் தூங்கி வழிகிறவர்களிடம் போய்த் தோளைத் தொடுவார். “எந்திரி கண்ணு, உன்னையுந்தான் கேக்கறாங்க.” கண்விழித்தால் சட்டையில் மாவுக் கைத்தடம் இருக்கும். இன்று விடிகாலைக் கனவிலும் என் தோள் கனத்தது. எழுந்ததும் சட்டையைத் தடவிப் பார்த்தேன். மாவு இல்லை.

சற்று முன், இதே அஞ்சலிக் கூட்டத்தில், பெரியவர் ஒரு தீர்மானம் வாசித்தார். இனி நாம் எல்லோரும் கூட வேண்டாமாம். அவர் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் முடிவெடுத்தால் போதுமாம். ரோவீனாவின் நினைவாக! எந்த ரோவீனாவின் நினைவாக?

ரோவீனாவின் பணியைத் தொடர்வேன் என்று உறுதி சொல்லத்தான் எழுந்தேன். கார்ட்டர் அவர்களே, மணியை அடியுங்கள். அடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தோழர்களே, பக்கத்தில் யாராவது தூங்கினால் தோளைத் தொடுங்கள். அந்த ஓசை வெளியே பனியில் கரைந்து முடியும் வரை நமக்கு நேரம் இருக்கிறது.

எனக்குச் சொல்ல ஒரே சொல்தான். சம்மதமில்லை.