அன்யாடிக்கேயின் தொப்பி

— கட்டிலுக்கு அடியிலேருந்து வெளிய வாங்க. ஊர்த் தலைவர் படுத்திருக்கிற லட்சணமா இது?

— மெதுவாப் பேசுடி, இஹுடியா! உன்னை எப்படி உள்ள விட்டாளுங்க?

— நான் இந்த வீட்டுப் பொம்பளை. என்னை யாரு தடுப்பா?

— விடிஞ்சதுலேருந்து வாசல்ல ஊர்ப் பொம்பளைங்க ஆட்டம் பாட்டம். என் குறட்டைக்கு ஒரு பாட்டு, தொந்திக்கு ஒரு பாட்டு!

— தொந்திப் பாட்டு மெட்டு நல்லாத்தான் இருக்கு.

— சிரிக்காதடி. பசி உயிர் போகுது. கொஞ்சம் வள்ளிக்கிழங்கு இடிச்சுக் குடு.

— எதை வெச்சு இடிக்க? ஊர் உலக்கை பூரா நம்ம சுவரைத்தான் இடிச்சுக்கிட்டிருக்கு.

— அதான் வாயெல்லாம் மண்ணா! என் கோர்ட்டுச் சேவகனுங்க எங்க தொலைஞ்சானுங்க?

— அவனுங்க பெண்டாட்டிங்களும் நம்ம வாசல்லதான். அவனுங்க வீட்டுல பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடறானுங்க. ‘கிளம்பி வாங்கடி’ன்னு கூப்பிடற பனங்குருத்து கைமாறிக் கைமாறி அபா பட்டணம் வரைக்கும் சேதி போயிடுச்சு. எந்த ஊர்லயும் இன்னைக்கு அடுப்பு எரியல.

— இது எப்பத்தான் முடியும்?

— பொம்பளைங்க இப்படி வீட்டை வளைச்சு ஒரு ஆம்பளை மேல ‘உட்கார்ந்தா’, அவன் தப்பை ஒத்துக்கிற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாங்க. ஒக்கோரி மேல உட்கார்ந்தப்ப வேலியில ஏறிக் கைதட்டினவருதானே நீங்க?

— அவன் பெண்டாட்டியை அடிச்சான். நான் என்ன செஞ்சேன்? வெள்ளைக்காரத் துரை எண்ணச் சொன்னான், எண்ணினேன்.

— ஆம்பளைங்களை எண்ணினப்பவும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் வரி வந்து நின்னுச்சு. இப்ப எங்க முறை. “நீ, உன் ஆடு, உன் குட்டி”ன்னு எங்கிட்டயே வந்து கேட்டீங்க. என்னைப் பாத்ததும் பனைமரத்துலேருந்து இறங்க மறந்து தொங்கின ஒருத்தர் இருந்தாரே, அவரை உங்க மூஞ்சியில தேடினேன். தொப்பிதான் தெரிஞ்சுது.

— ...இவளுங்களுக்கு என்னதான் வேணுமாம்?

— துரை குடுத்த அந்தத் தொப்பி. அதை அவன் மேசையிலேயே கொண்டுபோய்ப் போடணுமாம்.

— ஐயையோ! தொப்பி போனா கோர்ட்டு நாற்காலி போச்சு. அப்புறம் நான் யாரு?

— வெறும் அன்யாடிக்கே. எனக்கு அவரைப் பிடிக்கும்.

— பிடிக்குமாம்! அடியேய், மேல என்னடி சத்தம்?

— கூரையைப் பிரிக்கிறாங்க.

— வேணாம், வேணாம்! நான் எண்ணினது தப்புதான்னு சொல்லு. இந்தா, தொப்பி. கண்டவ கையிலயும் குடுத்துடாதே. இத்தனை பேரையும் கட்டி மேய்க்கிறாளே ஒருத்தி, அவ யாருன்னு விசாரிச்சு அவ கையில குடு.

— அவ கையிலதான் குடுத்திருக்கீங்க.