துண்டுக்கடியில் பத்தாவது கை

எழுபதுகளில் ஒரு சந்தை நாள். வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் மாட்டுத் தரகர்கள் இருவர்.

"ஏனுங்க மாப்ள, செத்தவரு சம்மதம் சொன்னா சங்கத்துல கணக்குல சேத்துக்குவாங்களா?" என்றார் மூத்தவர். அதோடு என் தூக்கம் போயிற்று.

"என்னுங்க மாமா கேக்கறீங்க?"

"நம்ம தரகர் சங்கத்துக்கு இங்கெ கிளை வேணும்னா என்னைய உட்டுப் பத்துப் பேரு ஒத்துக்கோணும். ஆரு சரின்னாங்க, ஆரு மாட்டேன்னாங்கன்னு தெரியக்கூடாதுன்னு, மாட்டுக்கு வெல பேசறாப்பல துண்டுக்கடியில வெரலப் புடிச்சுச் சொல்லச் சொன்னேனுங்களே, இன்னிக்குச் சந்தையில. நானும் கண்ண மூடிக்கிட்டேன். பத்துக் கை வந்துதுங்க."

"உங்கள உட்டா ஒம்பது பேருதானுங்களே வந்திருந்தோம்."

"பத்தாவது கையில சுண்டுவெரல் இல்லீங்க."

"நாச்சிமுத்தண்ணனுக்குத்தானுங்களே சுண்டுவெரல் இல்ல? கிளை வேணும்னு அலைஞ்சே ஆடியில செத்தாரே?"

"அவரேதான். மத்தவிங்களாட்டம் அவரும் சம்மதம்னுதான் சொன்னாரு."

"அப்பறமென்னுங்க, கிளை வந்துரும்."

"எங் கைய இன்னும் உடலீங்க மாப்ள."

கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினார். மூத்தவர் இடக்கையால் வாங்கிக்கொண்டார். வலக்கை மடியில், துண்டுக்கடியிலேயே இருந்தது.