பெட்டியைத் திறந்துவிட்ட சங்கரி அம்மையார்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் சீதாராமன் அவர்களே, செயலாளர் குமரவேல் அவர்களே, டாலிகஞ்சிலிருந்தும் நியூ டவுனிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

போன வியாழனன்று நம்மை விட்டுப் பிரிந்த சங்கரி அம்மையாருக்கு இந்தத் தமிழ் மன்றம் அநீதி செய்தது. பதினெட்டு ஆண்டுகள் செயலாளராக இருந்து நம் கொலுவைச் சுமந்தவரிடமிருந்து, சென்ற ஆண்டு ஒரு தீர்மானம் போட்டு, பொம்மைப் பெட்டிகளின் சாவியைப் பறித்தோம். அவர் படத்துக்கு மாலை போடுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். போட்ட பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன? நம் பொம்மைகள் ஆண்டுக்குப் பத்து நாள் வெளிச்சம் பார்க்கும். மற்ற நாளெல்லாம் இரும்புப் பெட்டியில் வைக்கோலுக்குள் கிடக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன், விஜயதசமிக்கு மறுநாள், அம்மையார் பெட்டிகளை மூடவில்லை. வந்திருந்த ஒவ்வொரு வீட்டாரிடமும் ஒரு பொம்மையைக் கொடுத்து, வராத வீடுகளுக்கும் ஒவ்வொன்று கொடுத்தனுப்பி, "அடுத்த கொலுவுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எனக்கே பொறுக்கவில்லை. "உடைச்சுட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

வெளியே தெருவில், பூஜை முடிந்து ஆற்றில் கரைக்க, லாரியில் துர்க்கையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மையார் கைகாட்டினார். "அங்க பாருங்கண்ணே. அத்தனை அழகா செஞ்ச அம்பாளையே கங்கையில விடுறாங்க. நீங்க ஒரு செட்டியார் பொம்மைக்குப் பதறுறீங்க. இந்தாங்க, அவரை நீங்களே வச்சுக் காப்பாத்துங்க."

செட்டியார் ஓராண்டு என் பலகாரக் கடையில் முறுக்கு டப்பாக்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு அவரைத்தான் விசாரித்தார்கள்.

அடுத்த சரத் காலம் வந்தது. மழை விட்டு வானம் வெளுத்ததும் பொம்மைகள் கிளம்பின. மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். தமிழ் பேசத் தடுமாறும் பிள்ளைகள், "எங்க வீட்டு முருகனுக்கு மேல் படி வேணும்" என்று சண்டை போட்டார்கள். அதுவரை நம் அழைப்பிதழைப் பிரித்துக்கூடப் பார்க்காத வீடுகள் அவை. பிரித்துக் கொடுத்த பிறகுதானே ஆட்கள் சேர்ந்தார்கள்?

அந்த ஆண்டும் பொம்மைகளைக் கொடுத்தனுப்பினார். மறு கொலுவுக்குத் தசாவதாரத்தில் கூர்மம் மட்டும் திரும்பவில்லை. வாங்கிப்போன குடும்பம் வேலை மாறிப் புனே போய்விட்டது. "ஆமை எங்கம்மா?" என்று பொதுக்குழுவில் அதட்டினார்கள். "ஆமைதானே, மெதுவா வரும்" என்றார். சபை சிரித்தது. சிரித்துவிட்டு, கை தூக்கி அவரை விலக்கியது. எதிர்த்த கை என்னுடையது ஒன்றுதான். "பலகாரக் கடைக்காரருக்குச் சட்டம் தெரியாது" என்றார் ஒருவர். தெரியாது. நான் படித்ததெல்லாம் பொட்டலம் கட்டிய காகிதத்தில். ஆனால் பூட்டிய பெட்டியைப் பார்க்க எந்தப் பிள்ளை மெட்ரோ ஏறி வரும் என்று கேட்கத் தெரியும்.

அதன் பிறகும் சென்ற ஆண்டுக் கொலுவுக்கு அம்மையார் வந்து, தரையில் உட்கார்ந்து பார்த்தார். பாதி நாற்காலிகள் மடித்தபடியே சுவரில் சாய்ந்திருந்தன. "சாவியை விட்டாச்சுண்ணே. நீங்களும் கோபத்தை விடுங்க" என்றார்.

மன்னியுங்கள் அம்மா. மற்றதையெல்லாம் உங்களிடம் கற்றுக்கொண்டேன். இது மட்டும் வரவில்லை.

கொலுவுக்குப் பதினோரு நாள் இருக்கிறது. தலைவர் அந்தத் தீர்மானத்தை இன்றே திரும்பப் பெற வேண்டும். குமரவேல் அதை நோட்டில் எழுதி, முன் வரிசையில் இருக்கும் அம்மையாரின் மகள் நந்திதாவுக்கு எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்ட வேண்டும். நியூ டவுன் பிள்ளைகளுக்காகப் பேசவந்திருக்கும் அக்‌ஷயா, விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளை வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வங்காளி வீட்டார் கேட்டால் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். காலிப் பெட்டிகளைத் துடைத்துக் கவிழ்த்து வைக்கும் வேலை என்னுடையது. எனக்குப் பிறகு அதை யார் செய்வது என்பதையும் இன்றே எழுதிவிடுங்கள்.