டிசம்பர் வண்டி

இல்ல மேடம், அம்மா கேட்டத மனசுல வச்சுக்காதீங்க. அது என்னன்னு அப்புறம் சொல்றேன். இந்தப் பலகை மேல கால வச்சு வாங்க, சிமெண்ட் இன்னும் காயல. எங்க காயறது, நம்ம ஊர்ல மே வந்தாலே குளிருதான, வெயிலே இல்ல. பாத்து. அவ்ளோதான். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

அம்மா பேக்கரிக்குத்தான் போயிருக்காங்க. மூலைலயே ஒண்ணு இருக்கு, ஆனா அங்க வாங்க மாட்டாங்க. வீட்டுக்கு யாராவது வந்தா சர்ச்சுக்கு அந்தாண்ட இருக்கறதுக்குத்தான் போவாங்க. இவ்ளோ தூரம் போயி வாங்கிட்டு வந்து அவங்க ஒரு துண்டு வாயில வைக்க முடியாது. அவங்க திரும்பறதுக்குள்ள நான் உங்ககிட்ட சொல்லி முடிச்சிடணும்.

மாத்தே குடிப்பீங்கள்ல? வெறும் எலையும் வெந்நீரும்தான், கசப்புதான். எங்க வீட்ல சக்கரைங்கற சாமானே கிடையாது. உங்களுக்குத் தெரியாததா, அம்மாவோட இலவச மருந்து கார்டு உங்க ஆபீஸ்லதான இருக்கு. இந்தாங்க. தண்ணி சூடு கம்மியா இருந்தா சொல்லுங்க.

ஆமா மேடம், நவுவேல் நான்தான். உங்க ஆபீஸுக்கு போன் பண்ணினதும் நான்தான். வண்டி யார் பேர்ல இருக்குன்னு கேட்டா, என் பேர்லதான். நாலு கதவு பிக்கப், புதுசு, ஆரஞ்சு கலரு. உங்க கம்ப்யூட்டர் சொல்றதுல தப்பே இல்ல. ஆனா வண்டி என்னுது இல்ல. இத எப்படிச் சொன்னாலும் திருடன் சொல்ற மாதிரிதான் இருக்கும்னு தெரியும். அதனால கொஞ்சம் பின்னாடிலேர்ந்து வர்றேன்.

நான் கார் ஷோரூம்ல வேலை பாக்கறேன். விக்கற வேலை இல்ல. எனக்கு விக்க வராது, எதிர்ல இருக்கறவர் முகம் லேசா வாடினாலே விலையக் கொறச்சிடுவேன். மாசாமாசம் நாட்டுல புது வண்டி எத்தன பதிவாச்சு, எங்க மாகாணத்துல எத்தன, எங்க கடைல எத்தன, இதப் பாத்து கிராஃப்ல கோடு போட்டுக் குடுக்கறதுதான் என் வேலை. இதுக்குத்தான் காலேஜ்ல படிச்சேன். எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான்தான். அதுக்கு அம்மா எத்தன வீட்டுத் தரையத் துடைச்சாங்கன்னு... சரி, அது வேணாம். அதச் சொல்லி உங்ககிட்ட இரக்கம் வாங்கற மாதிரி ஆயிடும்.

அந்தக் கோடு ஒரு வருஷத்துல எப்படிப் போகும் தெரியுமா? ஜனவரில செங்குத்தா ஏறும். சந்தை எழுந்து நிக்குதுன்னு பேப்பர்ல போடுவாங்க. சந்தையாவது எழுந்திருக்கறதாவது. டிசம்பர்லயே காசு கட்டினவங்க பதிவ மட்டும் ஜனவரிக்குத் தள்ளி வச்சிருப்பாங்க. டிசம்பர் கடைசில பதிஞ்சா அது போன வருஷத்து மாடல் ஆயிடுமே. கொஞ்ச நாள் பொறுத்தா இந்த வருஷத்து மாடல். வண்டி அதே வண்டிதான், நாளைக்கு விக்கப் போனா ஒரு வயசு கம்மி. உங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் பண்ணாரா? பாத்தீங்களா. இந்த நாட்டுல யாரக் கேட்டாலும் அதான் சொல்வாங்க.

பிப்ரவரில ஊரே லீவுல இருக்கும், கோடு படுத்துக்கும். மார்ச்ல ஸ்கூல் தெறந்தா கொஞ்சம் தலையத் தூக்கும். ஏப்ரல், மே மாசத்துல சோயா அறுவடை. எங்க ரியோ குவார்த்தோல விவசாயிங்க பூட்ஸ் மண்ணோட ஷோரூமுக்குள்ள வருவாங்க, அப்ப பிக்கப் மட்டும் போகும். நடுவுல எப்பவாவது பெசோ மதிப்பு விழப்போகுதுன்னு ஒரு புரளி கிளம்பும். அந்த வாரம் பல் டாக்டரு, டீச்சரு எல்லாரும் கைல இருக்கற நோட்ட வச்சிருக்க பயந்து ஓடி வந்து வண்டி வாங்குவாங்க. அதையும் வளர்ச்சின்னுதான் போடுவாங்க. நான்தான் கோடு போடுவேன், எனக்குத் தெரியும், அது பயத்தோட கோடு.

இல்ல மேடம், சுத்தி வளைக்கல. அந்த டிசம்பர்லதான் விஷயமே இருக்கு.

வண்டி செய்யற கம்பெனிக்காரங்க வருஷக் கணக்க டிசம்பரோட முடிப்பாங்க. கணக்கு கொறைஞ்ச கடைக்கு அடுத்த வருஷம் நல்ல வண்டியா வராது, ஓடாததா பாத்து அனுப்புவாங்க. அதனால எங்க முதலாளி ஒஸ்வால்தோ கிறிஸ்மஸ் ரொட்டி வெட்டி, ஆளுக்கொரு கிளாஸ்ல ஆப்பிள் சைடர் ஊத்திக் குடுத்துட்டு, மெதுவா ஆரம்பிச்சாரு. விக்காம நிக்கற வண்டிய எல்லாம் ஆளுக்கு ஒண்ணா உங்க பேர்ல பதியறேன், சும்மா கணக்குக்கு, வித்த அன்னிக்கே பேர மாத்திடலாம்னாரு. எங்களுக்கு அது புதுசு இல்ல. மாசக் கடைசில அப்பப்ப நடக்கறதுதான். எங்க கேஷியர் கிராசியேலா பேர்ல எத்தனையோ வண்டி வந்து போயிருக்கு. அந்தக்காவுக்கு ஓட்டவே தெரியாது. எனக்குப் பாத்த மாப்பிள்ளைங்க மாதிரிதான், எல்லாம் பேருக்கு வந்துட்டுப் போச்சுன்னு சிரிப்பாங்க. அன்னிக்கும் அதச் சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சோம்.

ஆனா எனக்குத் தெரியும் மேடம். மத்த மாசம் வேற, டிசம்பர் வேற. டிசம்பர்ல பதிஞ்ச வண்டிய ஜனவரிலேர்ந்து எவனும் தொடமாட்டான். அது பிறந்த வாரத்துலயே கெழடாயிடும். கோடு போடறவனுக்கு இது தெரியாதா? அந்த ரூம்ல எல்லாரையும் விட எனக்குத்தான் நல்லாத் தெரியும். கைல சைடர் கிளாஸ வச்சுக்கிட்டு வாயத் திறக்காம நின்னேன். கையெழுத்துப் போட்டேன்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், மறைச்சு என்ன ஆகப்போகுது. கையெழுத்துப் போடும்போது உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. சாப்பாட்டு நேரத்துல பின்னாடி போயி அந்த வண்டில ஏறி உக்காந்தேன். சீட்டு மேல பிளாஸ்டிக் உறைகூட எடுக்கல. ஸ்டார்ட் பண்ணல. ஸ்டீரிங்ல கைய வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். கிராசியேலா ஜன்னல் வழியா பாத்துட்டு, என்ன முதலாளி, பெட்ரோல் போட்டாச்சான்னு கேட்டாங்க.

ஜனவரி பொறந்ததும் ஒஸ்வால்தோ என்னக் கூப்பிட்டு, மத்த கடை எல்லாம் டிசம்பர்ல விழுந்துச்சு, நம்ம கடை மட்டும் ஏறுச்சுன்னு பெருசா ஒரு படம் போடச் சொன்னாரு. போட்டுக் குடுத்தேன். அது இப்பவும் ஷோரூம் வாசல்ல தொங்குது. வர்றவங்க நின்னு பாத்து மண்டைய ஆட்டுவாங்க. அந்தக் கோடு வளைஞ்சு மேல போற இடத்துல ஒரு புள்ளி நான்.

மத்தவங்க வண்டி எல்லாம் சின்ன காரு, வெலையக் கொறச்சுத் தள்ளி விட்டுட்டாரு. என்னுது மட்டும் நிக்குது. விவசாயிங்க வருவாங்க, கதவத் திறந்து பாப்பாங்க, எந்த வருஷம்னு கேப்பாங்க. சொன்னதும் கதவ மூடிடுவாங்க. மெதுவாத்தான் மூடுவாங்க, நோயாளி ரூம் கதவ மூடற மாதிரி.

வண்டி கடையோடதுன்னு அவர்கிட்ட எழுதி வாங்க முடியாதான்னா, கேட்டேன் மேடம். எழுதிக் குடுத்தா டிசம்பர் கணக்கு பொய்யின்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி. நவுவேல், நீ படிச்ச பையன், யோசிச்சுப் பேசுன்னாரு. யோசிச்சுட்டுத்தான் உங்களுக்கு போன் பண்ணினேன். என் பேரப் போட்டே எழுதிக்கோங்க. வேலை போனா போகட்டும். வண்டி ஷோரூமுக்குப் பின்னாடிதான் நிக்குது, நீங்களே போயி பாத்துக்கலாம். கடைக்குள்ள நகத்தினதத் தவிர அது ஓடினதே இல்ல.

அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதா? பார்மசில. இன்சுலின் வாங்கப் போயிருக்காங்க. அங்க மருந்து எடுத்துக் குடுக்கற மிர்த்தா கம்ப்யூட்டரப் பாத்துட்டு, வரிசைல நிக்கறவங்களுக்கெல்லாம் கேக்கற மாதிரி, என்ன நெலிதா, வீட்ல புது பிக்கப் நிக்குது, உனக்கு எதுக்கு இலவச மருந்துன்னு கேட்டிருக்காங்க. வேற யாராவதா இருந்தா சண்டை போட்டிருப்பாங்க. எங்கம்மா நிமிந்து நின்னு, என் பையன் எனக்குத் தெரியாம வாங்கி வச்சிருக்கான், பிறந்த நாளைக்குக் காட்டலாம்னு இருந்திருப்பான், நீ கெடுத்துட்டியேன்னு சொல்லியிருக்காங்க. அப்பறம், அந்த மருந்த இல்லாதவங்க யாருக்காவது குடுன்னுட்டு, கைக்காசப் போட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலம் நான் வீட்டுக்கு வர்றேன், மேஜைல நல்ல துணி விரிச்சிருக்கு. கிறிஸ்மஸுக்கு மட்டும் எடுக்கறது. என் மூஞ்சிய ரெண்டு கையாலயும் பிடிச்சாங்க. நான் வாயத் திறந்தேன் மேடம். சொல்லத்தான் திறந்தேன். எதுவும் சொல்லாத, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னாங்க. மூடிக்கிட்டேன். சைடர் குடிச்சப்ப மூடின அதே வாய்தான்.

அப்புறம் தினமும் கேப்பாங்க, வண்டி எப்ப வரும்னு. பின்னாடி டிரெய்லர் இழுக்கற கொக்கி மாட்டணும்னேன். கொக்கி பியூனஸ் அயர்ஸ்லேர்ந்து வரணும்னேன். அதுக்கு மேல என்ன சொல்றது? நம்ம வீட்ல நிறுத்த இடம் எங்கம்மா இருக்கு, தெருவுல விட்டா டயரக் கழட்டிட்டுப் போயிடுவாங்கன்னேன். அதோட பேச்சு முடிஞ்சுடும்னு நெனச்சேன். அப்ப வீட்டு முன்னாடி பூரா எலுமிச்சை மரம்தான் மேடம். இந்தத் தெருவுக்கே எலுமிச்சை எங்க வீட்டுலேர்ந்துதான் போகும்.

ஆமா, அதான். வெளில கிடக்கற கிளை எல்லாம் அந்த மரம்தான். நீங்க உள்ள வரும்போதே பாத்தீங்க, வண்டி நிறுத்த இடம் போட்டிருக்குன்னு மனசுல குறிச்சும் வச்சுட்டீங்க. தப்பு சொல்லல, நானா இருந்தாலும் குறிச்சிருப்பேன். ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் பாக்கப் போயிட்டு வர்றேன், பக்கத்து வீட்டு ரமோன் மாமா ரம்பத்தத் துடைச்சுக்கிட்டு நிக்கறாரு. அம்மா எதிர் வீட்டுக்காரங்க பிக்கப்ப கொடிக்கயித்தால நீளம் அளந்து வச்சிருக்காங்க. ஒரு முழம் கூடவே போட்டிருக்கேன்டா, நீ திருப்பத் தெரியாம இடிப்பன்னாங்க. வாசக்கிட்ட ஆணில ஒரு செவப்பு ரிப்பன் தொங்குதே, அதுவும் வண்டிக்குத்தான். கண்ணாடில கட்டறதுக்கு, கண்ணு படக்கூடாதுன்னு.

அன்னிக்கும் சொல்லல. இல்ல.

சிமெண்டுக்குக் காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நானும் கேக்கல. முந்தாநேத்து பிரிட்ஜ் கதவுல பால எடுக்கப்போனேன், மருந்துக் குப்பி இருந்துச்சு. இந்நேரம் தீந்திருக்கணும். பாதிக்கு மேல அப்படியே இருக்கு. ஊசிய பாதி பாதியாப் போட்டுக்கிட்டிருக்காங்க மேடம். ஒரு குப்பிய ரெண்டு குப்பி மாதிரி ஓட்டி, மிச்சம் பிடிச்சது அந்தத் தரைல கிடக்கு. நீங்க பலகை மேல தாண்டி வந்தீங்களே, அதுல.

அப்பறம்தான் உங்களுக்கு போன் பண்ணினேன்.

அம்மா உங்ககிட்ட, வண்டிய முன்னாடிலேர்ந்து படம் எடுப்பீங்களா, பக்கவாட்டுலயான்னு கேட்டாங்கள்ல? நீங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் போட வர்றதா நான்தான் சொல்லி வச்சிருக்கேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல. அதனாலதான் கேக்கறேன், கார்டுக்கு நான் சொன்னது மட்டும் போதாதா? நீங்க போயி ஷோரூம்ல பாத்துட்டு, அம்மாவுக்கு விஷயம் போகாம...

அப்படியா. கார்டு அவங்க பேர்ல இருக்கறதால, வீட்ல வண்டி இல்லன்னு அவங்க வாயாலயே சொல்லணுமா.

சரி. இல்ல, நீங்க சொல்ல வேணாம். நீங்க சொன்னா, பையன் சொல்லாதத ஆபீஸ்காரங்க சொன்னாங்கன்னு இருக்கும். அத மிர்த்தா ஒருதடவ செஞ்சாச்சு. நீங்க உக்காந்திருங்க, போதும். நீங்க இருந்தாத்தான் நான் மறுபடியும் மூடிக்க மாட்டேன்.

கேட்டு சத்தம் கேக்குதா? வந்துட்டாங்க.

பலகை மேல வாம்மா. பாத்து. இந்தப் பக்கம். அந்தப் பொட்டலத்த என்கிட்ட குடு. ஐயோ, இவ்ளோ எதுக்கு வாங்கின. காயலன்னா பரவால்லம்மா, அதுக்கு அவசரம் இல்ல. நீ மொதல்ல உக்காரு. இதுல இல்ல, அதுல, இது ஆடும். அம்மா, இவங்க இன்சூரன்ஸ்லேர்ந்து வரல.