முயலுக்குக் கேரட் ஆகாது

முயலுக்குக் கேரட் நல்லதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் சறுக்குவது அங்கேதான். படப்புத்தகத்தில் முயல் கையில் கேரட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள், முயலை வாங்கிய கையோடு காய்கறிக்கடைக்கு ஓடுகிறார்கள். கேரட் அதற்கு மிட்டாய் மாதிரி. எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலுக்குச் சோறு என்றால் காய்ந்த புல்தான். அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்று தேய்த்தால்தான் வாய் மூடும். குடலும் ஓயாமல் ஓட வேண்டும். குடல் நின்றால் முயல் நின்றது என்று அர்த்தம். அரை நாள் ஒன்றும் தின்னாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் நாள் நட்சத்திரம் பார்க்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இங்கே தட்டச்சு செய்கிற தம்பியின் வீட்டில் ஒரு ஜோடி முயல் இருக்கிறதாம். அதனால்தான் இவ்வளவு விளக்கம். நான் அடுத்துச் சொல்லப்போவதைக் கேட்ட பிறகும் இந்த யோசனையின் மதிப்பு குறைந்துவிடாது என்று நம்புகிறேன்.

ஐயா, நான் மெத்தை விற்கிறவன். பெரிய காட்சிக்கூடத்தில் மேலாளர். வருகிறவர்களைப் படுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று, "எப்படி இருக்கு?" என்று மெல்லக் கேட்பது என் வேலை. முன்பின் தெரியாதவனிடம் முதுகுவலியில் ஆரம்பித்து மருமகள் வரைக்கும் கொட்டித் தீர்ப்பார்கள். எங்கேயும் வலிக்காதவர்கள் விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வலி இருக்கிறவர்கள்தான் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

என் மனைவிக்குக் காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை. பகல் முழுக்க "கேக்குதா? இப்பக் கேக்குதா?" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவாள். வீட்டுக்குள் கால் வைத்ததும் வாய்க்குப் பூட்டு. எதைக் கேட்டாலும் "ம்". அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வருவது முயற்கொம்பு. என்னைப் பிடிக்காமல் இல்லை. என் சட்டைக்கு நான் கேட்காமலே இஸ்திரி போட்டு வைப்பாள்; எனக்குத் தும்மல் வந்தால் சன்னலைச் சாத்துவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சுவரிலும்தான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் முயல் தானாக வந்தது. வீடு மாறிப்போன ஒரு வாடிக்கையாளர் அதை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெள்ளை முயல். பஞ்சு என்று பெயர் வைத்தாள். அது செத்ததற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வயதான முயல், வெயில் காலம், போய்ச் சேர்ந்துவிட்டது. என்மேல் இருக்கிற புகார்களில் அதையும் சேர்த்திருக்கிறார்கள், எடுத்துவிடுங்கள். செய்யாததைச் செய்ததாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

ஆனால் அன்று சாயங்காலம் அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து என் மடியில் தலைவைத்து அழுதாள். அழுகைக்கு நடுவே பேசினாள். பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் குரல் உடைந்து மேடையை விட்டு ஓடியது, அவள் அம்மா இறந்த வருடம் அவளுக்குச் சடை பின்னிவிடத் தெரியாமல் அப்பா தலைமுடியைக் கத்தரித்துவிட்டது, என்னை முதலில் பார்த்தபோது என் காதுகளின் அளவைக் கண்டு சிரிப்பை அடக்கியது, எல்லாம் வந்தது. கடைசியில், "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள். கல்யாணமாகி முதல்முறை. என் கால் மரத்துப்போனது. நான் அசையவில்லை.

பிறகு துக்கம் தேய்ந்தது. "ம்" திரும்பி வந்தது.

நான் போய் இன்னொரு முயல் வாங்கிவந்தேன். மனைவியின் துக்கத்தை ஆற்ற வாங்கினான் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு வெண்ணெய் என்று பெயர் வைத்தாள். நடந்தது என்ன தெரியுமா? கடையில் செலவழித்தது போக மிச்சமிருந்த பேச்சையெல்லாம் அந்த முயலின் காதில் கொட்டினாள். நான் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பேன். காது எனக்கும் பெரியதுதான். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அப்போதுதான் முயல் வளர்ப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அரைகுறையாக எதையும் செய்வது என் சுபாவம் அல்ல. ஒரு உயிரை எப்படிக் காப்பாற்றுவது என்று முழுதாகப் படித்தவனுக்கு மற்றதும் தெரிந்துவிடுகிறது. எல்லாப் புத்தகத்திலும் 'கொடுக்கக் கூடாதவை' என்று தனி அத்தியாயமே இருக்கிறது. எங்கள் வீட்டு வேலியிலேயே அப்படி ஒரு கொடி படர்ந்திருந்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். பொறுப்பில்லாத ஆட்கள் காதில் விழுந்தால் ஆபத்து.

வெண்ணெய் போனபோது அவள் முன்பைவிட அதிகமாக அழுதாள். நான் என் தோளைக் கொடுத்தேன். கடைக்கு விடுப்புப் போட்டேன். காப்பி போட்டுக் கொடுத்தேன், கண்ணைத் துடைத்துவிட்டேன். அந்த நாட்களில் என்னைவிட நல்ல கணவன் எந்த வீட்டிலும் இருந்திருக்க மாட்டான்.

அடுத்தது கினிப்பன்றிகள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பன்றிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கையில் அடங்குகிற, வாலில்லாத உருண்டை. அதை ஒற்றையாக வளர்க்கவே கூடாது. துணை இல்லாவிட்டால் ஏங்கிப்போகும். அதனால் ஜோடியாக வாங்கினேன். சமையலறையில் பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், ஒன்று விசில் அடிக்கும். அதற்குச் சீட்டி என்று பெயர். இன்னொன்று தின்பதைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்காது. அது உருளை. ஜோடியில் இன்னொரு வசதியும் உண்டு. ஒன்று போனால் மிஞ்சியது சோர்ந்து உட்காரும். அதைப் பார்த்துப் பார்த்து வீட்டிலும் அழுவார்கள். ஒரு சாவுக்கு ஒன்றரைத் துக்கம்.

விலங்கு மருத்துவர் என் தோளைத் தட்டிச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "உங்கள மாதிரி பாத்துக்கற ஆள நான் பாத்ததில்ல சார். புல்லு, தண்ணி, கூடு எல்லாமே சுத்தம். என்னமோ உங்களுக்குத்தான் நேரம் சரியில்ல." நான் அடக்கமாகத் தலையசைத்தேன்.

ஆனால் சீட்டி செத்த அன்று அவள் என் மடியைத் தேடவில்லை. கைப்பேசியை எடுத்து அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

மாமனார் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேறு ஊரில் தனியாக இருந்தார். மறுநாளே ஒரு பையோடும் சுத்தியல் ரம்பத்தோடும் வந்து இறங்கினார். எஞ்சின் சத்தத்தில் பழகிய குரல், "உப்பு எங்கம்மா?" என்று கேட்டால் தெருமுனையில் இருக்கிறவர் எடுத்துக் கொடுப்பார். உருளையைத் தூக்கி மார்மேல் வைத்துக்கொண்டு, "என்னடா சீமை எலி, உன் கூட்டாளி உன்ன விட்டுட்டுப் போயிட்டானா?" என்று அதனிடம் துக்கம் விசாரித்தார். என் மனைவி சிரித்தாள். அழுதுகொண்டிருந்தவள், ஐயா, சிரித்தாள்.

அதற்குப் பிறகு சமையலறையில் எப்போதும் பேச்சுதான். அவர் கீரை ஆய்வார், அவள் பேசுவாள். நான் கதவோரம் நின்று கேட்டேன். முழு முழு வாக்கியங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எதுவும் சாகாமலே அவளை அவர் பேச வைத்தார். நான் எவ்வளவோ சிரமப்பட்டுப் பெற்றதை அவர் கீரைக்கட்டோடு பெற்றுக்கொண்டிருந்தார். இது நியாயமான போட்டி என்று எனக்குத் தோன்றவில்லை.

உருளைக்குத் துணையாக ஒரு பழுப்புக் கினிப்பன்றியையும் அவரே தேடிப்பிடித்து வந்தார். கூடு சின்னது என்று மரப்பலகை அறுத்துப் பெரிதாக ஒன்று செய்தார். அது நல்ல கூடு, மறுக்க மாட்டேன்.

உருளையின் கதையை நான் கோபத்தில் முடிக்கவில்லை. அவள் யாரிடம் வருவாள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவள் நேராக அப்பாவின் தோளுக்குப் போனாள். நான் கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றேன். மாமனார் அழவில்லை. உருளையைத் தன் துண்டில் சுற்றி, "நான் போய் அடக்கம் பண்ணிட்டு வரேன்" என்று வெளியே போனார். திரும்பி வர நேரமானது. வயதானவர், எங்காவது தூரமாகப் போய்ப் புதைத்திருப்பார் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி புல் வாங்கப் போயிருந்தாள். பின்புறத்தில் பழுப்புக்குட்டியின் கூட்டுக்கு மேலே நிழல் வலை கட்ட மாமனார் ஏணியில் ஏறினார். கீழே துணி துவைக்கிற கல். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். கயிற்றை ஆணியில் சுற்றிக்கொண்டே, அவர் தன் வாழ்நாளில் பேசியிராத மெல்லிய குரலில் பேசினார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"கூட்டுக்குள்ள புல்லுக்கு அடியில ஒரு தழை கெடந்துச்சு. உங்க வேலில படந்திருக்கே, அது."

"காத்துல வந்து விழுந்திருக்கும்."

"மூடி போட்ட கூட்டுக்குள்ளயா?" கயிற்றை இழுத்துப் பார்த்தார். "காலமெல்லாம் எஞ்சின் ஓட்டினவன் நான். தண்டவாளத்து மேல கல்லு தானா வந்து உக்காராது. யாராவது வெச்சாத்தான் உண்டு."

"நீங்க ஏதோ தப்பா நெனச்சுட்டீங்க மாமா. அதுங்கள நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு டாக்டரையே கேளுங்க."

"கேட்டுட்டேன். தான் புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்காத மாப்ள. உனக்கு மனசு சரியில்லன்னு நெனைக்கறேன். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நீயே அவகிட்ட சொல்லிடு. நீயா சொன்னா அவ மன்னிச்சாலும் மன்னிப்பா."

"அவகிட்ட நீங்க சொல்லிட்டீங்களா?"

"இல்ல. உனக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கறேன்."

நல்ல மனிதர். இன்னொருவராக இருந்தால் அன்றே ஊரைக் கூட்டியிருப்பார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எட்டாத ஆணிக்காக அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நான் ஏணியைப் பிடித்திருந்த கையை எடுத்தேன். உங்கள் அறிக்கையில் 'தள்ளினான்' என்று இருக்கிறது. நான் தள்ளவில்லை. ஏணியின் அடியைக் காலால் கொஞ்சம் நகர்த்தினேன். கொஞ்சம்தான்.

கல்லில் விழுந்த பிறகும் அவருக்கு மூச்சு இருந்தது. வலி வந்தால் முயல் சத்தம் போடாது. அசையாமல் கிடந்து பார்க்கும். அவரும் அப்படித்தான் என்னைப் பார்த்தார். மூச்சு ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தனியாக விட்டுவிட்டுப் போகவில்லை. பிறகுதான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன்.

அந்த நாட்களைப் பற்றி நான் பொய் சொல்லப் போவதில்லை. அவள் என்னை விட்டு ஓரடி நகரவில்லை. என் சட்டையைப் பிடித்தபடியே தூங்கினாள். கண் விழித்தால் பேச்சு, பேசி முடித்தால் அழுகை. அப்பா எஞ்சினில் ஏற்றி உட்காரவைத்த கதையை எத்தனை முறை சொன்னாளோ, அத்தனை முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் இருவருக்கும் அதைவிட நெருக்கமான காலம் அமைந்ததில்லை. அவளைக் கேட்டால் அவளும் இதையே சொல்லியிருப்பாள், அந்த மருத்துவர் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால்.

துக்கம் விசாரிக்க வந்தவர் விசாரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே. நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பா அன்னிக்கு அந்தக் கினிப்பன்றியத் துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தாரும்மா. அறுத்துப் பாத்தேன். வயித்துல வெஷத்தழை. அவர்கிட்ட அன்னிக்கே சொன்னேனே, உங்ககிட்ட சொல்லலயா?" என்றார். நல்ல மருத்துவர்தான். வாய்தான் நீளம்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "ஏணிய யாரு புடிச்சிருந்தா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பழுப்புக்குட்டியை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மருத்துவருக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டாள். அன்று மாலையே நீங்கள் வந்தீர்கள்.

இவ்வளவுதான் நடந்தது. வெண்ணெய், சீட்டி, உருளை மூன்றும் நான்தான். மாமனாரும் நான்தான். பஞ்சு இல்லை. காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம், ஐயா. அவள் இப்போது தோழி வீட்டில் இருக்கிறாளாம். சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பாவம், அப்பாவையும் இழந்து, புருஷனையும் இங்கே விட்டுவிட்டு எப்படித் தாங்குவாள்? எனக்காகக் கேட்கவில்லை. அவளை ஒரு அரை மணி நேரம் இங்கே அழைத்து வாருங்கள். இந்த மாதிரி நேரத்தில் அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?