ஆஸ்லாக் ஏரிக்கு நான் செய்த உதவி

படகு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். பொய் சொல்வதாக இருந்தால்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சொல்வார்கள். ஒன்பது கோடைகாலம் படகுத் துறையில் நின்றதில் நான் தெரிந்துகொண்டது இது.

என் பெயர் டோவே ஹாக்லண்ட். வயது முப்பத்தொன்று. தாவரவியல் பட்டம். கவுன்ட்டி அரசின் படகுப் பரிசோதகர். வேறு ஏரிகளிலிருந்து வண்டியில் ஏற்றிவந்து ஆஸ்லாக் ஏரிக்குள் இறக்கும் ஒவ்வொரு படகின் அடியிலும் கைவிட்டு, மில்ஃபாயில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இறகு போன்ற செடி அது. விரல் நீளத் துண்டு ஒன்று தண்ணீரில் விழுந்தால் போதும், வேர்விட்டுச் சில கோடைகளில் கரையோரம் முழுவதையும் மூடிவிடும். பிறகு அதை அடக்கலாம், ஒழிக்க முடியாது. மினசோட்டாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

எனக்கு மனிதர்களிடம் பேச வராது. படகின் அடியைப் பார்த்துக்கொண்டு பேசினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் அந்த வேலை பொருந்திப்போனது. அதற்கு முன் எதுவும் பொருந்தியதில்லை.

என் முதல் ஆறு வருடங்களில் ஆஸ்லாக் சுத்தமாக இருந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

ஏழாம் வருடம் மார்ச்சில், களை ஒழிப்பு நிதியைப் பங்கிடக் கவுன்ட்டி வாரியம் கூடியது. நோர்பி ஏரிக்காரர்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். தங்கள் ஏரியில் மண்டியிருந்த களையைப் போன கோடையிலேயே உலர்த்தி, வான்கோழி வாட்டும் தட்டில் குவித்து எடுத்துவந்து, வாரியத் தலைவர் டுவேன் ப்ரிபிலின் முன்னால் வைத்தார்கள். ஒரு பெண்மணி அழுதார். எங்கள் ஏரிச் சங்கத்திலிருந்து அதன் தலைவி ஆர்லிஸ் மட்டும் வந்திருந்தார். எழுபத்து நான்கு வயது. அப்போதெல்லாம் பனி உருகும் நாளிலிருந்து அக்டோபர்வரை தினமும் காலையில் ஏரியில் நீந்துவார்.

ப்ரிபில் கேட்டார்: "ஆர்லிஸ், உங்க ஏரி எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு. குறை சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல."

"பரிசோதனைக்குக் காசு வேணுமா?"

"அய்யய்யோ, வேணாம் வேணாம். வேணுங்கறவங்களுக்குக் குடுங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் மூன்று முறை கேட்க வேண்டும். முதல் இரண்டு வேண்டாமும் மரியாதைக்கு. மூன்றாவதுதான் பதில். ப்ரிபிலும் எங்கள் ஊர்க்காரர்தான், அவருக்கும் இது தெரியும். ஆனால் அன்று அவர் பேத்திக்கு ஹாக்கி ஆட்டம். ஒரு முறைதான் கேட்டார். ஆஸ்லாக்கிற்குத் தேவை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

வாகனம் நிறுத்தும் இடத்தில் ஆர்லிஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னொரு தடவ கேப்பாருன்னு பாத்தேன்டி."

"காசு வேணும்னு சொல்லியிருக்கலாமே நீங்க."

"எப்படிச் சொல்றது? அந்தப் பொம்பள அப்படி அழுதுட்டு இருக்கா. எங்க ஏரி உங்கள்த விடச் சுத்தம்னு பீத்திக்கவும் செஞ்சு, காசும் கேக்கணுமா? நல்லா சொன்ன போ."

ஜூன் முதல் ஆஸ்லாக் துறையில் பரிசோதகர் இல்லை. என்னைக் கவுன்ட்டி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் இருக்கைக்கு மாற்றினார்கள். அந்தத் தொலைபேசி ஒரு நாளைக்கு அறுபது முறை அடிக்கும்.

நான் உணர்ச்சிவசப்பட்டு எதுவும் செய்யவில்லை. யோசித்தேன். காவல் இல்லாத துறைக்கு ஒரு கோடையில் நானூறு படகுகள் வரும். களை வரத்தான் போகிறது. என்றைக்கு, எங்கே என்பது மட்டும்தான் தெரியாது. தெரியாமல் வந்தால் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆகும், அதற்குள் ஏரி கைவிட்டுப் போகும். தெரிந்த நாளில், தெரிந்த இடத்தில், தெரிந்த அளவில் வந்தால் உடனே கவனிக்கலாம். தடுப்பூசி போடுவதும் இப்படித்தான்.

அந்த ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம், நோர்பியிலிருந்து பன்னிரண்டு மில்ஃபாயில் தண்டுகளை ஒரு வாளியில் எடுத்துவந்தேன். படகுத் துறை வழியாகப் போகவில்லை. அது முறையல்ல என்று பட்டது. வடகரைப் பாதையில் நடந்தேன். தேவாலயத்துக்குப் போகாத ஒரே ஆள் வெர்லின் ஸ்ட்ராய்க், தன் வீட்டுப் படகு மேடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாளில என்ன பொண்ணு?"

"செடி."

"கவுன்ட்டி வேலையா?"

"ஆமா."

"ஞாயித்துக்கெழமகூட விடமாட்டேங்கறானுங்களா, பாவிப் பசங்க. வா, ஒரு பியர் குடிச்சிட்டுப் போ."

வேண்டாம் என்றேன். அவர் முறைப்படி மூன்று தரம் கேட்டார். குடித்துவிட்டுப் போனேன். இடுப்பளவு ஆழம், வண்டல் தரை. தண்டுகளை வரிசையாக ஊன்றினேன்.

ஆகஸ்டில் சொந்த விருப்பத்தில் ஒரு சனிக்கிழமை ஆய்வுக்குப் போனேன். இரும்புப் பல் வைத்த வாரியைக் கயிற்றில் கட்டி வீசி இழுத்துப் பார்ப்பது எங்கள் முறை. முதல் வீச்சிலேயே கிடைத்தது. வாரியம் அவசரமாகக் கூடியது. என் துறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. கூடவே இரண்டு உதவியாளர்கள், களை பிடுங்க முக்குளிப்பவர்கள், மருந்து தெளிக்கும் படகு. ஆஸ்லாக்கை அதற்கு முன் யாரும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதில்லை.

அடுத்த ஜூலையில் களை நீர்மட்டத்துக்கு வந்தது. முக்குளிப்பவர்கள் பிடுங்கப் பிடுங்க உடைந்த துண்டுகள் மிதந்து வேறிடத்தில் வேர்விட்டன. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். ஒரு காலையில் ஆர்லிஸ் தலை ஈரத்தோடு துறைக்கு வந்தார்.

"காலச் சுத்திக்கிச்சு டோவே. ஆள் புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டேன். நாப்பது வருஷம் நீந்தியிருக்கேன். இனிமே எறங்க மாட்டேன்."

அழுதார். தோளில் கை வைத்தேன். பொதுமக்களை எப்படித் தேற்றுவது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

"நீ மட்டும் கண்டுபிடிக்கலேன்னா எங்க கதி என்னாயிருக்கும்?" என்றார். மறுநாள் எலுமிச்சைக் கேக் சுட்டுக்கொண்டு வந்தார். இரண்டு துண்டு சாப்பிட்டேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

அதன் பிறகு எல்சா ஏரியிலும் பரிசோதகரை எடுத்துவிட்டார்கள். அதே காரணம்: சுத்தமாக இருக்கிறது. அடுத்து இன்னும் மூன்று ஏரிகள். அங்கெல்லாம் வேலை இழந்தவர்கள் என்னைப் போன்றவர்கள்தான், யார் கண்ணையும் பார்க்காமல் பேசுகிறவர்கள். ஆஸ்லாக்கிற்கு மட்டும் செய்து நான் பாரபட்சம் காட்டியிருந்தால் அதுதான் தவறாக இருந்திருக்கும். இப்போது அவர்கள் எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள்.

போன வசந்தத்தில் ப்ரிபில் எனக்கு விருதாக ஒரு மரப் பலகை கொடுத்தார். கவுன்ட்டியின் கூர்மையான கண் என்று அதில் செதுக்கியிருந்தது. நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது அது ஒன்றுதான்.

அதிகாரி ரென்னர், உங்கள் கேள்வி நியாயமானது. ஐந்து ஏரிகளிலும் ஒரே ஆளுக்கு, ஐந்து முறையும் முதல் வீச்சிலேயே களை கிடைக்காது. இரண்டாவது வீச்சுவரை பொறுத்திருக்கலாம். ஆனால் அது நேர்மையற்றதாகத் தோன்றியது.

ஆமாம், ஐந்தும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வாக்குமூலத்தின் மூன்றாவது வரியில் 'பொறுப்பில்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். ஒவ்வொரு ஏரிக்குப் போகும் முன்பும் என் ரப்பர் பூட்ஸை வெந்நீரில் கழுவி, ஐந்து நாள் வெயிலில் காயவைத்திருக்கிறேன். ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு எதையாவது கொண்டுபோய்விடுகிற ஆள் அல்ல நான்.